இரண்டு ஆட்டினும் ஒரு ‘உங்க இஷ்ட’மும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்க வாய் எடுத்தாலும் உன் கடிதத்தைப் படித்த பிறகு எந்த முகத்தோடு கேட்பது. இரண்டு வருஷம் வேறு ஊரில் வேலை என்று மாப்பிள்ளையின் ஆபீஸில் சொன்னார்களாம், போகட்டுமா என்று அவர் உன்னைக் கேட்டாராம், நீ ‘உங்க இஷ்டம்’ என்றாயாம், அவரும் சந்தோஷமாகப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டாராம், ஒன்பது நாளாக நீ அவரோடு பேசவில்லையாம், கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். நான் அங்க வந்துடட்டுமாம்மா என்று முடித்திருக்கிறாய். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் கிளப்பில் என் மானம் கப்பலேறிய கதையைக் கேள்.

மூன்று வாரத்துக்கு முன் பிரிட்ஜ் போட்டி. நானும் அப்பாவும் ஜோடி, எதிரே பல் டாக்டரும் அவர் தங்கையும். நீ அந்த மேசைப் பக்கமே வராதவள் என்பதால் சொல்கிறேன், ஜோடி கையில் என்ன சீட்டு என்று ஏலத்தில் கேட்கும் வார்த்தையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அப்பா கை பலம் என்று சொல்லித் தொடங்கினார். என்னிடம் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஆறு சீட்டு, இஸ்பேட் ஒன்றே ஒன்று, அதுவும் வெறும் இரண்டு. நான் ‘இரண்டு ஆட்டின்’ என்றேன். ஆட்டினே துருப்பாக இருக்கட்டும், இதோடு வாயை மூடுங்கள் என்பதுதான் இருபது வருஷமாக எங்கள் இருவருக்கும் அதன் அர்த்தம். இவரோ எதிராளிகளைப் பார்த்து, ‘அவங்ககிட்ட இஸ்பேட் இருக்குன்னு அர்த்தம்’ என்று கணீரென்று அறிவித்துவிட்டு ‘இரண்டு இஸ்பேட்’ என்றார். இருபது வருஷத்தில் நான் கேட்காத அர்த்தம். ஆனால் ஜோடி சொல்லும் விளக்கம் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க வேண்டும், முகம் சுளிக்கக்கூடாது, குரலை அழுத்தக்கூடாது, அதெல்லாம் ஆட்டத்தின் சட்டம். அதனால் பரம சாதுவாக ‘மூன்று ஆட்டின்’ என்றேன். ஆகா, இவளிடம் இஸ்பேட், ஆட்டின் இரண்டுமே கொட்டிக் கிடக்கிறது என்று இவர் ‘நான்கு இஸ்பேட்’டுக்குப் போய்விட்டார், பல் டாக்டர் தன் முப்பத்திரண்டும் தெரிய ‘டபுள்’ என்றார், தோற்றால் அபராதம் இரண்டு பங்கு. ஏலம் எடுத்தவரின் ஜோடி என்பதால் சட்டப்படி நான் என் சீட்டுகளை விரித்து வைத்தேன். அந்த ஒற்றை இஸ்பேட்டை அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணில் கோளாறு என்று டாக்டரின் தங்கை சிரித்தாள். பத்துப் பிடி எடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்துப் பிடி பிடியென்று பிடித்தேன். அவர் நிதானமாக, ‘இனிமே டைமன்னு சொன்னா ஆட்டின், ஆட்டின்னு சொன்னா இஸ்பேட், புத்தகத்துல இருக்கு, அப்படியே வச்சுக்கலாமான்னு கேட்டேனே, நீதானே சரின்னே’ என்றார். நான் எப்போது சரி என்றேன், சத்தியமாக இல்லை என்றேன். ‘துணி மடிச்சுக்கிட்டு இருந்தே. உங்க இஷ்டம்னு சொன்னியே’ என்றார். பாப்பா, முப்பத்து நான்கு வருஷமாக நான் உங்க இஷ்டம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அவருக்கு அது சரி என்று அர்த்தமாம். நம் குளியலறையின் பச்சை டைல்ஸ் அப்படி வந்ததுதானாம், பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பிடிச்ச பச்சைன்னுதான் போட்டேன் என்கிறார், எங்கே போய் முட்டிக்கொள்வது!

அன்று சாயங்காலமே நம் கண்ணாடிக் கடையின் கண் பரிசோதனைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு உடன்படிக்கை எழுதினோம். டைமன் சொன்னால் ஆட்டின், ஆட்டின் சொன்னால் இஸ்பேட் என்று அவர் எழுதினார். அதற்கு மேலே, முதல் வரியாக, ‘உங்க இஷ்டம்’ என்றால் வேண்டாம் என்று நான் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். போன ஞாயிறு அதே மாதிரி கை வந்தது, நான் ‘இரண்டு டைமன்’ என்றேன், அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ‘இரண்டு ஆட்டின்’ என்றார், அங்கேயே நிறுத்தி எட்டுப் பிடி எடுத்தோம். பல் டாக்டருக்கு அன்று வாயே திறக்கவில்லை. நேற்று அப்பா, பச்சை டைல்ஸ் அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார், உங்க இஷ்டம் என்றேன். திங்கட்கிழமை கொத்தனார் உடைக்க வருகிறார்.

இப்போது உன் விஷயம். நீ ‘உங்க இஷ்டம்’ என்றது என்னிடம் கற்றுக்கொண்டது, அதற்கு அவரை என்ன குற்றம் சொல்வது, வேறு வீட்டில் வளர்ந்தவருக்கு நம் வீட்டு அகராதி எப்படித் தெரியும்? அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று தெரிந்தும் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியது சீட்டு மேசையில்தான். உன் வீட்டுச் சமையலறையில் எந்த நடுவர் நிற்கிறார்? எனக்குக் கோபமாகத்தான் வருகிறது, உன் மேல் பாதி, என் மேல் பாதி. இன்றைக்கே அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், எனக்கு நீங்கள் போவது பிடிக்கவில்லை, நான் சொன்னதற்கு அர்த்தம் அது என்று நேராகச் சொல். அவர் நல்ல பிள்ளை, கேட்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. தபாலை நம்ப நேரமில்லை, அப்பா இதைப் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறார், படித்ததும் ஒரு வரி போடு. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, இரண்டு பேரும் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள்.

வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். பழைய அம்மாவாக இருந்தால் உன் இஷ்டம் என்று எழுதியிருப்பேன், நீயும் அர்த்தம் புரிந்துகொண்டு அழுதிருப்பாய். இப்போது நேராகவே எழுதுகிறேன்: வராதே, முதலில் அவரிடம் சொல். சொல்லியும் அவர் போவதாக இருந்தால், வா. இதற்கும் அர்த்தம் வா என்பதுதான்.

இப்படிக்கு,
சொன்னதைத்தான் சொல்லும் உன் அம்மா