சாகிறவளுக்கு வைத்த பெயர்

கீழ் கோத்தகிரி, 1976

அக்டோபர் 4
ஜெபம் முடித்து, அரிசிக் கணக்கும் எழுதியாயிற்று. கதை எழுதுவதைப் பற்றி நேற்று ரேடியோவில் ஒருவர் சொன்னதை மறக்குமுன் குறிக்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்து, நாக்கு தடுக்கும் இடத்தை அடிக்க வேண்டும். தெரிந்த ஒருவரை நினைத்து எழுதலாம். முடியும்வரை அவர் பெயரையே வைத்திருந்து கடைசியில் மாற்றினால் போதும்.

என் கதை ஆட்களுக்கு மூச்சே இல்லை. பக்கத்து வீட்டு மருதாம்பாளை வைத்து எழுதிப் பார்க்கிறேன். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு அவள் நடக்கிற நடை கண்ணிலேயே நிற்கிறது.

அக்டோபர் 9
இன்று எழுதிய வரவு ஒரு பக்கம். அடித்தது முக்கால். அடுப்படியில் நின்று உரக்கப் படித்தேன். ஃபேக்டரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், "ஜெபம் பண்ண உபதேசியார் வந்துருக்காரோன்னு வெளியவே நின்னுட்டேன்" என்றார்.

அக்டோபர் 16
கதையில் மருதாம்பாள் இறந்துவிட்டாள். மழையில் மண் சரிந்து மூடிவிட்டது. நான் நினைக்கவில்லை, கதை அங்கேதான் போயிற்று. நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 18
கர்த்தாவே. மருதாம்பாள் சரிவில் மண்ணோடு சறுக்கி விழுந்துவிட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாளாம்.
நானா? பேரை மாத்தாம விட்டேனே — நான்தானா?

அக்டோபர் 19
விடியுமுன் எழுந்து, கதையில் அவளை மண்ணிலிருந்து எடுத்துவிட்டேன். உயிரோடு வீடு திரும்புகிறாள். "வேதம் படிக்கறவ பண்ற வேலையா இது?" என்றார் இவர்.

அக்டோபர் 20
மருதாம்பாளுக்கு நினைவு திரும்பிவிட்டது. ஸ்தோத்திரம் சொன்னேன். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். அப்படியானால் நான் எழுதியதால்தானே?

நவம்பர் 2
மருதாம்பாள் வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. திருத்திய முடிவை இன்று மெதுவாகப் படித்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"ஏனுங்க்கா, என்னைய மண்ணுக்குள்ள போட்ட அன்னிக்கு நான் இங்க உக்காந்து அழுதனுங்க. இப்ப எந்திரிச்சு வர்றது பொய்யாத் தெரியுதுங்க."

எல்லாம் கேட்டிருக்கிறாள். என் பயத்தைச் சொன்னேன். சிரித்தாள். செருப்பு தேய்ந்து வழுக்கியதற்குப் பேனா என்ன செய்யும் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 6
கதையில் சாவைத் திரும்ப வைத்தேன். பெயரை மாற்றினேன் — பேச்சி. இந்த லைனில் அந்தப் பெயரில் யாருமில்லை, விசாரித்துவிட்டேன். பத்திரிகைக்குத் தபாலில் போட்டாயிற்று.

நவம்பர் 15
மருதாம்பாள் மறுபடி வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் மஞ்சுப் பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக வருகிறது. அவள் தலை தெரியும்வரை எனக்கு அடுப்பு மூட்டக் கை வரவில்லை.

நவம்பர் 22
புதுக் கதை. இதிலும் ஒருத்தி சாவாள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ரேடியோக்காரர் சொல்லாத ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்: அவளுக்கு யூனிஸ் என்று என் பெயரையே வைத்தேன். மனசு லேசாயிற்று.

நவம்பர் 24
உரக்கப் படித்தேன். யூனிஸ் மழையில் கதவைத் திறந்து இறங்குகிற இடம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மருதாம்பாள், சிரிக்காமல்:

"அக்கா, வேற பேரு போடுங்க."