தாய்மாமன் வரும்வரை

என் உயிரான ஈஸ்வரி அக்காவுக்கு,

உன் மகள் செல்விக்கு நாளைக் காலை தலையில் ஆபரேஷன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உனக்கு வந்த அதே நோய்தான். தலைவலி என்று காலேஜிலிருந்து வந்தாள். அவள் அம்மா நீ எப்படி இறந்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் மொட்டு மாதிரி ஒரு புடைப்பு. இன்னும் வெடிக்கவில்லை.

உனக்கு வெடித்துவிட்டிருந்தது. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தவளைக் கள்ளக்குறிச்சிக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடலாம். இல்லையென்றால், தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை மேலே ஏற்றி, புடைப்புக்குள் கம்பிச்சுருளை அடைக்கலாம். உன் புடைப்புக்குக் கழுத்து குறுகல், சுருளே போதும், தலையைத் திறக்க வேண்டாம், ஆனால் மறுபடி வெடிப்பதற்குள் செய்தாக வேண்டும் என்றார்.

நம் வீட்டில் தலை விஷயம் தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? மொட்டையோ காதுகுத்தோ, அவர் மடியில்தானே? நம் அம்மா யாரையும் கையெழுத்துப் போட விடவில்லை.

"தொடை வழியா போனா இன்னா, போய்ச் சேர்றது தலைக்குத்தான? என் தம்பி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்."

மாமா மலைமேல் கரியாலூரில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். போனுக்கு டவர் கிடைக்கவில்லை. ஆள் அனுப்பி, அவர் மலையிறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் உனக்கு இரண்டாம் முறை வெடித்துவிட்டது. "சீக்கிரம் பண்ணுங்க சார்" என்று அவர் சொன்னபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவா அக்கா உன்னைக் கிடத்திவைத்திருந்தோம்?

அதற்குப் பிறகு மாமா எந்தக் குழந்தையையும் மடியில் வைப்பதில்லை. விசேஷ வீடுகளில் சாப்பாட்டுப் பந்தலோடு திரும்பிவிடுகிறார்.

இப்போது செல்விக்குத் தாய்மாமன் நான். உன் வீட்டுக்காரர் ஸ்கேன் கவரை என் கையில் கொடுத்துவிட்டு, நீ சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன் மச்சான் என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? இவள் புடைப்புக்குக் கழுத்து அகலமாம். சுருள் சரியாக நிற்காது, நின்றாலும் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும், சின்ன வயசு என்பதால் கிளிப்தான் நீண்ட நாள் தாங்கும் என்கிறார் டாக்டர். ஆனால் தலையைத் திறந்தால் கை விளங்காமல் போகலாம், பேச்சு குழறலாம். சும்மா விட்டால் வெடிக்காமலே இருக்கலாம், நாளைக்கே வெடிக்கவும் செய்யலாம். உனக்கு இருந்த சுலபமான வழி உன் மகளுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

உன் தலை, நீயே சொல்லு என்று அவளிடம் சொன்னேன். டாக்டரிடம் அவளே எல்லாம் கேட்டாள். பிறகு கிளிப்பே போடுங்கள் என்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நல்லபடியாக நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை அக்கா. கண்ணை மூடினால் நீ படுத்திருந்த கட்டில்தான் தெரிகிறது. சாமி பெயர்கூட வாயில் வரமாட்டேன் என்கிறது.

இன்று மத்தியானம் முடி எடுக்க வார்டுக்கு ஆள் வந்தார். நாற்காலி போட்டிருந்தார்கள். செல்வி அதில் உட்காரவில்லை. கீழே உட்கார்ந்து என் மடியில் தலையைச் சாய்த்தாள்.

"மொத மொட்ட உன் மடியிலதான மாமா போட்டாங்க. இதுக்கும் இரு."

அன்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தியவள் இன்று அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவளைக் காப்பாற்றுவேன் என்று உனக்கு எழுத ஆசை. அது என் கையில் இல்லை. நாளை அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்பேன். டாக்டர் என்ன கேட்டு வந்தாலும், அம்மாவுக்காகவோ மாமாவுக்காகவோ எனக்காகவோ செல்வியைக் காத்திருக்க வைக்க மாட்டேன். இந்தச் சத்தியத்தை அன்றைக்கே உனக்குச் செய்திருக்க வேண்டும் அக்கா.

உன் தம்பி,
செல்வியின் தாய்மாமன்