நரி சாப்பிடும் காட்சி

மகளுக்கு,

பொம்மைகளை வைத்து நீ எடுத்த படம் வந்த வருஷம் ஷியோகாமா மீன்சந்தையே என்னைப் பார்த்துச் சிரித்தது. "என்னண்ணே, எடையில ஏமாத்துற அந்த மீன்கார நரி அப்படியே நீங்கதான்!" என்றான் பக்கத்துக் கடை குராமோச்சி. பெற்ற அப்பனையே கேலிப்பொருளாக்கி விற்றுவிட்டாய் என்று அன்றே பேச்சை நிறுத்தினேன்.

அதை நேற்று டிவியில் போட்டார்கள். இந்த முறை கடைசிவரை பார்த்தேன். வெளியூரில் ஓடாவிட்டாலும் நல்ல சரக்குதான். கடையை மூடிவிட்டு நரி தனியாக ஆறிய சோறு தின்கிறதே, அங்கே என் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் அம்மா இறந்தபின் நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன். அது உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒரு வாய் சோற்றுக்காகப் பொம்மையின் கையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்து, எத்தனை நாள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாய்! என் எதிரே ஒரு வேளைகூட உட்காரவில்லையே.

கேலியை மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்க முடியவில்லை.

கடையிலிருந்து,
அப்பா