அக்கரையில் பன்னிரண்டு நாள்

அட்-பாஷி
செப்டம்பர் 6, 2007

எர்மெக்கின் அப்பாவுக்கு,

நலம். ஆடுகள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கிவிட்டன. நம் பையனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டேன். பெயர் சைகால், பள்ளிக்கூடத்தில் வேலை. கொஞ்சம் வாய் நீளம், இந்த வீட்டுக்கு அது தேவைதான். நவம்பரில் கல்யாணம். அதற்குள் அவர்களுக்கு வீடு எழும்ப வேண்டும். அவன் பிறந்த வாரம் நீங்கள் ஆற்றங்கரையில் நட்ட பாப்லர் மரங்கள் உத்தரத்துக்கு ஆகும் அளவு பருத்துவிட்டன. நட்டவர்தான் முதல் கோடாலி போட வேண்டும், உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒன்பது வருடம். எனக்காக வர வேண்டாம், அவனுக்காக வாருங்கள். "அப்பா வருவாராம்மா?" என்று ஒரே ஒருமுறை கேட்டான். பிறகு கேட்கவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புருல்

பிஷ்கெக்
செப்டம்பர் 15

அன்புள்ள புருல்,

நல்ல செய்தி. ஒரு வேண்டுகோள்: அக்டோபர் பாதிவரை மரங்களை வெட்டாதீர்கள். ஐந்து வருடமாக அக்கரை மேட்டிலிருந்து அந்த வரிசையைப் படம் எடுக்கப் பார்க்கிறேன். இலை பொன்னாகி, பின்னால் மலையில் முதல் பனியும் விழுந்திருப்பது வருடத்தில் மூன்று நாலு நாள்தான். காற்றும் இருக்கக் கூடாது. ஒரு வருடம் பனி பிந்தியது. இன்னொரு வருடம் ஒரே நாள் காற்றில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. வெயில் எத்தனை மணிக்கு மரத்தைத் தொடும் என்பதுவரை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

படம் கிடைத்ததும் நேரே இறங்கி வந்து கோடாலியைத் தொடுகிறேன். எர்மெக்கிடம் சொல்.

சோவெத்பெக்

அட்-பாஷி
செப்டம்பர் 22

எர்மெக்கின் அப்பாவுக்கு,

ஐந்து வருடமாக அக்கரைவரை வந்தீர்களா? அங்கிருந்து நம் வீட்டுப் புகைபோக்கி தெரியுமே. பாலத்தைக் கடந்தால் கால் மணி நேர நடை. அடுப்படியில் நின்று அழுதேன். இலைக்கு நாள் குறித்த நோட்டில் அவன் பிறந்த நாள் இருக்கிறதா?

அவனோ கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறான். "வருஷா வருஷம் வந்துட்டுத்தாம்மா இருந்திருக்காரு. மரம் எங்க ஓடிடப் போகுது, இருக்கட்டும்" என்கிறான். பனிக்கு முன்னால் கூரை ஏறாவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும் என்று சைகால் வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இவனே போய்க் கெஞ்சிவிட்டு வந்தான். உங்களுக்கென்று ஒரு ஆட்டையும் ஒதுக்கி வைத்திருக்கிறான். இறங்கி வாருங்கள்.

புருல்

பிஷ்கெக்
அக்டோபர் 21

அன்புள்ள புருல்,

கிடைத்துவிட்டது! பன்னிரண்டு நாள் விடியற்காலையில் விரல் விறைக்கக் காத்திருந்தேன். ஒன்று காற்று, இல்லாவிட்டால் மேகம். பதின்மூன்றாம் நாள் எல்லாம் கூடி வந்தது. கண்காட்சிக்குக் கொடுக்க இரண்டே நாள் இருந்ததால் அப்படியே வண்டி பிடித்து வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மரங்களை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள், வசந்தத்தில் கட்டாயம் வருகிறேன்.

படம் இத்துடன். ஒரே தொல்லை, நீலக் கோட்டு போட்ட எவனோ ஒருத்தன் சரியாக அந்த நேரத்தில் மரத்தடியில் வந்து நின்றான். தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினேன், கையை ஆட்டினேன். பதிலுக்கு அவனும் ஆட்டுகிறானே தவிர நகரவில்லை. நல்லவேளை, கணினியில் அழித்துவிட்டேன். தேடினாலும் தெரியாது.

சோவெத்பெக்

அட்-பாஷி
நவம்பர் 4

எர்மெக்கின் அப்பாவுக்கு,

அந்தக் கோட்டு கல்யாணத்துக்கு எடுத்தது.

பன்னிரண்டு நாளும் விடிந்ததும் வாசலில் நின்று உங்கள் கூடாரத்தைப் பார்ப்பான். போய்த்தான் பாரேன் என்றால், "அவர் வேலை கெட்டுடும்மா, முடிஞ்சதும் அவரே வருவாரு" என்பான். அன்று காற்று நின்றதும் கோட்டை மாட்டிக்கொண்டான். "இன்னைக்கு எடுத்துருவாரு. மரத்தடியில நின்னா நானும் படத்துல இருப்பேன்ல?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஆற்றுச் சத்தத்தில் நீங்கள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டியதைக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்திருக்கிறான். பாலம் தாண்டி மேடேறிப் போனால் அங்கே யாருமில்லை.

உறையைப் பிரித்ததும் அவன்தான். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மரத்தடியையே வெகுநேரம் பார்த்தான். பிறகுதான் உங்கள் கடிதத்தைப் படித்தான்.

பனி விழுந்துவிட்டது. கல்யாணம் வசந்தத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதற்கு நீங்கள் வர வேண்டாம். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். இனி இந்த வீட்டிலிருந்து கடிதமும் வராது.

இதை எழுத உட்கார்ந்தபோது அவன் சொன்னது ஒன்றுதான். "அவரத் திட்டாதம்மா. தள்ளிப் போகச் சொன்னாராமே, நான்தான் புரியாம நின்னுட்டேன்."

எர்மெக்கின் அம்மா