கல்யாண விறகும் ஒற்றைப்பிடி ரம்பமும்

கடமலைக்குண்டு,
கார்த்திகை மாதம், 1936

சிரஞ்சீவி மருமகன் சுருளியாண்டிக்கு, வருசநாட்டு மரங்களெல்லாம் பெயரைக் கேட்டாலே இலை உதிர்க்கும் உன் தாய்மாமன் அம்மாவாசி ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் என்னைத் தவிர எல்லோரும் சேமம். கொழும்பில் உனக்கும், உன் முதலாளியின் இரும்புக் கடைக்கும் ஒரு குறையும் வராமல் மாவூற்று வேலப்பர் பார்த்துக்கொள்வாராக.

நீ உன் அய்யாவுக்கு அனுப்பிய சீமை ரம்பம் வந்தது. சாக்கைப் பிரித்த அன்று அதன் பளபளப்பில் மேகமலை யானைகளெல்லாம் கண் கூசி மலையாளத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டன. உன் அம்மா கருத்தம்மாள் அதற்குத் திருநீறு பூசி, மிளகாய் சுற்றித் திருஷ்டி கழித்தாள். கூடப்பிறந்த எனக்கு ஒரு நாளாவது சுற்றிப் போட்டிருப்பாளா, நீயே கேட்டுச் சொல்.

நியாயமாகவே சொல்கிறேன், பொறாமை என்று எண்ணாதே. தகடு நல்ல எஃகு. வாகைக் கட்டையை வாழைத்தண்டு மாதிரி அரிகிறது. ஆனால் பிடி ஒன்றுதான். ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் வெறுங்காற்று. ஆண்டிபட்டிக் கொல்லர் அடித்துக் கொடுத்த நம் பழைய ரம்பத்துக்கு இரண்டு முனையிலும் பிடி. அறுக்கும்போது தொண்டை கட்டிய கழுதையாகக் கத்தும். பச்சை மரத்தில் கடித்துக்கொண்டால் லேசில் விடாது. அடிக்கடி அரம் போட வேண்டும். எல்லாம் உண்மைதான். இருந்தாலும் அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒருவன் இழுக்கும்போது மற்றவன் தள்ளக் கூடாது, கையைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் நானும் உன் அய்யாவும் ஒரு கோடை முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. அப்போதும் ரம்பம் மட்டும் ஓடியது. அவர் இழுப்பார், நான் விடுவேன்.

தை மாதம் உன் தங்கை பொன்னாத்தாளுக்குக் கல்யாணம். பெண்ணின் கல்யாண விறகை ஒரு முனையில் தகப்பனும் மறுமுனையில் தாய்மாமனும் பிடித்து அறுப்பதுதான் நம் வகையறாவின் முறை. கொழும்புத் தண்ணீரில் உனக்கு அது கரைந்துவிட்டது போலும். நான் பழைய ரம்பத்துக்கு அரம் போட்டு, விளக்கெண்ணெய் தடவி, வெளுத்த தலைப்பாகை கட்டி, பாண்டியராஜா படையெடுத்தது போல உன் வீட்டுக்குப் போனேன். அங்கே உன் அய்யா தனியாளாக அறுத்துக்கொண்டிருக்கிறார்! விறகு மலையாகக் குவிந்து கிடக்கிறது.

என்ன மாப்பிள்ளை, நான் வர வேண்டாமா என்று கேட்டேன். தலை நிமிராமலே, "ஒங்களுக்கு எதுக்கு மச்சான் செரமம்? மகன் அனுப்பிருக்கான்ல, ஒத்த ஆளே போதும்" என்றார். சிரமமாம்! வருகிற வழியில், தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டு மாயக்காள் வேறு நின்று, "அம்மாவாசியண்ணே, ரம்பத்தத் தூக்கிக்கிட்டு யாரு மேல சண்டைக்குப் போறீக?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்குத் திரும்பி நான் விட்ட பெருமூச்சில் பக்கத்துத் தோட்டத்துச் சோளம் முழுதும் சாய்ந்துவிட்டது. மீசை வைத்தவன் சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த ரம்பத்தைக் கண்டால் எனக்குச் சக்களத்தியைக் கண்டது போல இருக்கிறது.

நேற்று பொன்னாத்தாள் முறுக்கு கொடுக்கிற சாக்கில் வந்தாள். "மாமா, வாசல்ல பெரிய புளியங்கட்டை ஒண்ணு கெடக்கு. அய்யா அதத் தொடவே மாட்டேங்கிறாக. கேட்டா, கெடக்கட்டும்ங்கிறாக" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் முறுக்கைப் பார்த்தேன்.

சீமை ரம்பத்துக்கு அந்தக் கட்டை அடங்கவில்லையா, இல்லை யாருக்காகவாவது விட்டு வைத்திருக்கிறாரா, தெரியவில்லை. அந்தப் பக்கம் தற்செயலாகப் போனேன். காலையில் ஒரு தற்செயல், மாலையில் ஒரு தற்செயல். கட்டை கிடக்கிறது. உன் அய்யா என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், வெற்றிலை போடப் போய்விட்டார். அவர் கூப்பிட மாட்டார். நான் கேட்க மாட்டேன்.

ஆகவே மருமகனே, நீ உடனே உன் அய்யாவுக்கு எழுது. பெரிய கட்டைக்கு ஒற்றைப்பிடி ஆகாது, மாமனைக் கூப்பிடுங்கள் என்று நீயாகவே யோசித்தது போல எழுது. நான் சொன்னதாக ஒரு எழுத்தும் வரக் கூடாது. கட்டை கிடப்பது கொழும்பில் இருக்கும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கொரு பொய்யை நீயே தயார் செய்துகொள். என் மருமகன்தானே நீ. கப்பல் தபால் மெல்ல வரும், தாமதிக்காதே.

நீ தீர்க்காயுசாக இரு. உனக்கும் மகள் பிறக்கட்டும். அவள் கல்யாண விறகுக்கு மறுமுனை பிடிக்க ஒரு மச்சான் வாய்க்கட்டும். அவனை வாய்விட்டுக் கூப்பிடும் புத்தியை வேலப்பர் உனக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
அம்மாவாசி