புயலுக்கு முன்னாலா, பின்னாலா

பழவேற்காடு
12-6-2004

அன்புத் தம்பி முரளிக்கு,

அக்கா ரத்னா எழுதுவது. நீ ஷார்ஜா போனதிலிருந்து உன் முகமே மறந்துவிடும் போலிருக்கிறது. பானு கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலையில் நிலைத்துவிட்டாள்.

அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து ஆல்பம் காட்டினாள். அதில் ஒரு படத்தில் அவளுடைய பெரியம்மாவும் பெரியப்பாவும் டிவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் குழந்தை. அந்த ஆள் உன் மாமா தேசப்பன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். ஆனால் நங்கூரம் பட்ட புருவ வெட்டு எனக்குத் தெரியாதா? பானு ஒன்றும் தெரியாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். எண்பத்து நாலு புயலில் அவள் அப்பா கடலோடு போனபோது அவள் கைக்குழந்தை.

படத்தை யாருக்கும் தெரியாமல் உருவிக்கொண்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டால் பானுவுக்குத் தெரிந்துவிடும். நீ டிவி மெக்கானிக். அந்தப் பெட்டி எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல். புயலுக்கு முன்னால் என்றால், துரோகம் செய்தாலும் செத்துப்போனவர், விட்டுவிடுவேன். பின்னால் என்றால் நான் யாருக்காகப் பொட்டை அழித்தேன்?

உன் அக்கா,
ரத்னா


ஷார்ஜா
5-7-2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. தப்பாக இருக்கக் கூடாதா என்று பலமுறை பார்த்தேன்.

எண்பத்து நாலில் நம் பக்கம் இருந்ததெல்லாம் மரப்பெட்டி. இழுத்து மூடும் கதவும், சேனல் மாற்றத் திருகும் குமிழும் இருக்கும். படத்தில் இருப்பது பிளாஸ்டிக் பெட்டி, குமிழே இல்லை. மேலே ரிமோட் கிடக்கிறது. பின்னாலிருந்து போவதும் ஆன்டெனாவின் தட்டை ஒயர் இல்லை, கேபிள்காரன் இழுக்கும் கறுப்பு உருண்டை ஒயர். நம் ஊர்ப்பக்கம் கேபிள் வந்ததே தொண்ணூற்றிரண்டு மூன்றுக்குப் பிறகுதான்.

புயலுக்குப் பின்னால்தான் அக்கா.

நீ தனியாக எங்கும் போகாதே. லீவு கேட்டிருக்கிறேன். நான் வந்து அந்த ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
முரளி


பழவேற்காடு
22-8-2004

அன்புத் தம்பி முரளிக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். உன்னிடம் சொன்னால் தடுப்பாய். பெரியம்மாவுக்கு எந்த ஊர் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, தடா பக்கம்.

வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மறந்திருப்பார் என்று நினைத்துப் போனேன். மறக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

“ஆந்திரா போட்டுக்காரங்க கடல்லேந்து தூக்கினாங்க. வரலாம் வரலாம்னுதான் இருந்தேன் ரத்னா. நாளு போய்க்கினே இருந்துச்சி.”

“உங்ககூட கடலுக்கு வந்த சின்னதுரை?”

“ஒரே பலகைய புடிச்சிக்கினு கெடந்தோம். விடியறதுக்குள்ள அவன் கைய உட்டுட்டான்.”

படத்தில் இருந்த அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து, “யாரு?” என்றாள். “எங்க ஊருக்காரங்க” என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் எனக்கென்ன சண்டை?

பஸ் இறங்கி நேராக சின்னதுரை அம்மா வீட்டுக்குப் போனேன். முத்தம்மாள் இன்றுவரை மகனுக்குக் காரியம் செய்யவில்லை. உடம்பு கிடைக்கவில்லை, வருவான் என்றே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், என் வெட்கக்கேட்டையும் சேர்த்து. அது அழவில்லை. “கைய உடும்போது எம்புள்ள எதுனா சொன்னானா?” என்று கேட்டது.

நான் அதைக் கேட்கவில்லையே முரளி. என் துக்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பானுவிடமும் சொல்லிவிட்டேன். படத்தை வாங்கி மடியிலிருந்த குழந்தையையே பார்த்தாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள். 

நீ லீவு போட வேண்டாம். அடித்து என்ன ஆகப்போகிறது? வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் தடாவுக்குப் போகிறேன். அந்த வாசலில் இன்னொரு முறை நிற்க உடம்பு கூசுகிறது. ஆனால் கூட வருவதற்காக முத்தம்மாள் இப்போதே புடவையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறது.

ரத்னா