குறைக்காத படம்

ஜூலை 9, புதன்

இன்னைக்கும் இருசப்பன் சாரோடதான் பஞ்சாயத்து. எங்க ஆபீஸோட மலைக்கூடம் இணையதளத்துல யார் வேணா ஓவியம் போடலாம், போட்டோ போடலாம். ஆனா படம் அஞ்சு எம்.பி.க்கு மேல போகக் கூடாது. போனா என்கிட்ட வந்து வரிசையில நிக்கும். நான் குறைச்சு ஏத்திட்டு, பெருசை அழிச்சிடணும். சர்வர்ல இடம் கம்மி, அதான்.

மனுஷன் நாப்பது எம்.பி.க்குக் கம்மியா அனுப்பினதே இல்ல. மின்வாரியத்துல ரிட்டையர் ஆனதுல இருந்து கேமராவும் கையுமா திரியறார். “குறைச்சா என் மலை மண்மேடாப் பூடும் வினோ”ன்னு போன்ல கத்தறார். “சார், உங்க மலை பெருசு, எங்க சர்வர் சின்னது”ன்னேன். சிரிக்கவே இல்ல.

நாளைக்குப் பௌர்ணமி. அரிசி, பால், என் பொண்ணு எழிலுக்கு பிஸ்கெட், எல்லாம் வாங்கி வெச்சாச்சு. ரெண்டு நாளைக்கு வாசப்படி தாண்ட வேண்டாம்.

ஜூலை 10, வியாழன்

கதவுக்குத் தாழ் போட்டாச்சு. கீழே செங்கம் ரோட்ல சாயங்காலத்துல இருந்தே ஜனம் போய்க்கிட்டே இருக்கு.

ஒளிஞ்சிக்க வந்தவ, மாசாமாசம் உலகமே வந்து மலையைச் சுத்தற ஊருக்கா வருவா? நான் வந்தேன். அன்னைக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டுல கிளம்பத் தயாரா நின்னது பௌர்ணமி ஸ்பெஷல் ஒண்ணுதான். இடுப்புல எழில், தோள்ல பை. ஏறிட்டேன்.

எங்களைத் தேடி வரக் கூடாது, கிட்ட நெருங்கக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் திருமலைக்குக் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு. பேப்பர் பத்திரமா இருக்கு. ஆனா ஜனவரியில அவரை இங்க மார்க்கெட்ல பார்த்தேன். ஸ்டேஷனுக்கு ஓடினேன். விசாரிச்சாங்க. ஆரணியை விட்டு நகரவே இல்லைன்னு அவர் சத்தியம் பண்ணிட்டாராம். “சாட்சி ஏதாவது இருக்காம்மா?”ன்னாங்க. என் ரெண்டு கண்ணுதான் இருந்துச்சு.

“மொட்டமாடிக்குப் போயி கூட்டம் பாக்கட்டுமாம்மா?” எழில் கேட்டுக்கிட்டே இருந்தா. கூடாதுன்னா கூடாதுன்னு அதட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டா. ஏழு வயசுப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிப் புரியவைக்க?

ஜூலை 12, சனி

எழுதினாலாவது மனசு அடங்குதா பார்ப்போம்.

இருசப்பன் சார் பௌர்ணமிப் படம் அனுப்பியிருந்தார். எதிர் லாட்ஜ் மாடியில இருந்து எடுத்தது. மலை, ரோடு, கூட்டம், எல்லாம் ஒரே படத்துல. எங்கே வெட்டலாம்னு பெருசு பண்ணிப் பார்த்தேன். எங்க வீட்டு பச்சை கிரில் தெரிஞ்சுது. அட, நம்ம வீடுன்னு இன்னும் பெருசு பண்ணேன். மொட்டமாடியில மஞ்சள் கவுன். எழில். கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு கூட்டம் பார்த்துக்கிட்டு நிக்கறா. நான் குளிக்கப் போன நேரத்துல தாழைத் திறந்துக்கிட்டுப் போயிருக்கா கழுதை.

வீட்டுக்குப் போய் முதுகுல ரெண்டு வைக்கணும்னு நினைச்சுக்கிட்டே படத்தைக் கீழே இறக்கினேன். கீழே உண்ணாமலை அக்கா பூக்கடை. கடை முன்னாடி –

அவன்.

திருமலையேதான். போனை அக்கா முகத்துக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கறான். போன்ல சிவப்பா என்னமோ. பெருசு பண்ணேன். எழிலோட முதல் பிறந்தநாள் பட்டுப்பாவாடை, அவளைத் தூக்கி வெச்சிக்கிட்டு நான்.

அவன் தலைக்கு நேர் மேல என் பொண்ணு. நிமிரல. ஒரே ஒரு தடவை நிமிர்ந்திருந்தான்னா? ஐயோ.

முகமெல்லாம் எள்ளு மாதிரி ஆகற வரைக்கும் படத்தைக் குறைச்சேன். ஏத்தினேன். பெருசை அழிச்சேன். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணேன். யார் கண்ணுலயும் படக் கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

உண்ணாமலை அக்கா அவன்கிட்ட என்ன சொல்லியிருப்பாங்க? தினம் அவங்ககிட்டதானே பூ வாங்கறேன்.

ஜூலை 14, திங்கள்

எழிலைப் பள்ளிக்கூடம் அனுப்பல. காய்ச்சல்னு சொல்லிட்டேன். அக்காவைக் கேட்டுடலாம்னு கிளம்பினேன், அவங்க தலை தெரிஞ்சதும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமாப் போயிட்டேன். ஆமாம்னு சொல்லிட்டா? அப்புறம் பைய எடுத்துக்கிட்டு எந்த பஸ்ல ஏறுவேன்?

ஜூலை 15, செவ்வாய்

போச்சு. இருசப்பன் சார் ஆபீஸுக்கே வந்துட்டார். “எம்மா, இன்னாது இது? படமா, சாம்பலா? நீ குறைச்சிட்ட இல்ல, நான் பெருசாக்கிட்டேன். ஃப்ளெக்ஸ் கடையில போட்டு வாங்கியாந்துட்டேன். நாளைக்குக் காலைல உங்க ஆபீஸ் வாசல்லயே கட்றேன். ஊரே பாக்கட்டும்!”

ஊரே பார்க்கட்டுமா? “வேண்டாம் சார்”னுதான் வாயில வந்துச்சு, அதுக்கு மேல அழுகைதான். சந்திரகலா மேடம் உள்ளே இருந்து ஓடி வந்தாங்க. இந்த ஆபீஸை நடத்தறவங்க, இத்தனை நாளா என்னை ஒரு வார்த்தை துருவிக் கேட்டதில்ல. எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

“அவன் முகம் அந்தப் படத்துல தெளிவா இருக்கா?”ன்னு மேடம் கேட்டாங்க. இருந்துச்சுன்னேன். “எங்கே?” அழிச்சிட்டேன்னேன். “அடிப்பாவி, அதான்டி சாட்சி!”

எனக்கு அப்பதான் உறைச்சுது. ஜனவரியில எது இல்லைன்னு தலையில அடிச்சிக்கிட்டேனோ, அதை நானே என் கையால அழிச்சிருக்கேன். இவ்ளோ மடச்சியா நான்?

இருசப்பன் சார் கோபம் எங்கே போச்சுன்னே தெரியல. ஃப்ளெக்ஸ் சுருளைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நின்னார். “ஃப்ளெக்ஸ் வந்ததுமே கேமரா கார்டைத் துடைச்சிட்டேன் வினோ. படம்தான் பெருசா கைக்கு வந்துடுச்சேன்னு. ஆனா இதுல இருக்குதும்மா. கடைக்காரன் கம்ப்யூட்டர்லயும் இருக்கும். அவன் எதையும் குறைக்க மாட்டான்.”

ஜூலை 16, புதன்

ஸ்டேஷன் தரையில ஃப்ளெக்ஸை விரிச்சோம். மேசை, நாற்காலியெல்லாம் நகர்த்த வேண்டியதாப் போச்சு. எழில் நின்ன மூலையில நான் உட்கார்ந்துக்கிட்டேன். அவளை யாரும் பார்க்க வேண்டாம்.

இன்ஸ்பெக்டர் அம்மா செருப்பைக் கழட்டிட்டு, கூட்டத்து மேல நடந்து போய்க் குனிஞ்சாங்க. அவன் முகம் எட்டணா அளவுக்கு இருந்துச்சு. “இவனா?” தலையை மட்டும் ஆட்டினேன். அத்தனை சின்ன முகத்தைக்கூட ரெண்டாவது தடவை பார்க்காம திரும்பிக்கிட்டேன். கடைக்காரர் பென் டிரைவ்ல படத்தைப் போட்டுக் கொடுத்தார், அதையும் வாங்கி வெச்சிக்கிட்டாங்க.

ஜூலை 18, வெள்ளி

உண்ணாமலை அக்காவையும் விசாரிச்சாங்க. என் முன்னாடிதான் சொன்னாங்க: “போட்டோவைக் காட்டினான். இந்தப் பொண்ணு தினம் நம்ம கடையில மல்லி வாங்கற பொண்ணாச்சேன்னு தெரிஞ்சிது. தெரியாதுன்னுட்டேன். பொம்பளையத் தேடிக்கினு வர்றவனுக்கு நான் எதுக்கு வழி சொல்லணும்?”

நான் இந்த அக்காவுக்குப் பயந்துதான் ரோட்டைத் தாண்டினேன். வெட்கமா இருக்கு.

ஜூலை 21, திங்கள்

கோர்ட் உத்தரவை மீறினதுக்கு அவன் மேல கேஸ் போட்டுட்டாங்க. ஆரணியிலயே வெச்சுப் பிடிச்சிருக்காங்க. ஊரை விட்டு நகரவே இல்லைன்னு முதல்ல சாதிச்சானாம். படத்தைக் காட்டினதும் தலையைக் குனிஞ்சிக்கிட்டானாம். ஜாமீன்ல வந்தாலும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்னு மேடம் சொல்றாங்க.

பயம் போயிடுச்சான்னா, போகல. தாழை மூணு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் படுக்கறேன். எழில் பள்ளிக்கூடம் போறா.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி. எழில் கேட்கல. நானே மொட்டமாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கொஞ்ச நேரம்தான். என் கை அவ தோளை விட்டு நகரல. “வலிக்குதும்மா”ன்னா.

ஆகஸ்ட் 11, திங்கள்

இருசப்பன் சார் பௌர்ணமிப் படம் அனுப்பியிருந்தார். நாப்பத்தொரு எம்.பி. கூடவே ஒரு வரி: “உன் இஷ்டப்படி குறைச்சிக்கம்மா.” அதே மனுஷனா இது!

மலை கொஞ்சம் இருட்டா இருந்துச்சு. வெளிச்சம் கூட்டி, ஓரம் வெட்டி, அளவு குறைச்சு ஏத்தினேன். பெருசை மட்டும் அழிக்கல, தனியா எடுத்து வெச்சேன். இனிமே எல்லாரோடதையும் ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு மேடமே டிஸ்க் வாங்கிக் கொடுத்திருக்காங்க. கீழே போய் டீ குடிச்சேன்.

டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்தப் படத்துக் கூட்டத்துல நான் எந்த முகத்தையும் தேடவே இல்ல.

மேலே வந்து படத்தைத் திரும்பத் திறக்கலாமான்னு கை போச்சு. திறக்கல.